குறைய வேண்டியது குறையாவிட்டால்...



விமான என்ஜினைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதுவதா என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் விமானி அல்லன். விமானப் பொறியாளனும் அல்லன். விழுப்புரத்தில் பட்டறை வைத்து, ஸ்கூட்டர், மொபெட், பம்புசெட் ஆகியவற்றின் மேக்னெட்டைக் கழற்றி மாட்டிப் பிழைப்பு நடத்தியவன். இப்போது திண்டிவனத்தில் ஓய்வாக இருக்கிறேன். பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பதே எனது பெரும் பயணம். ஆயினும், சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில் என் தங்கை மகனிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, நான் மறக்க முயன்றுகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமையை மீண்டும் என் கண்முன் நிறுத்திவிட்டது. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அவன் வேறு மாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறான். வட்டிக்கு ஒரு காசும் வாங்கக் கூடாது என்று உறுதியாக நின்ற என் மச்சான், திண்டிவனத்திற்கு அருகே இருந்த பரம்பரை நிலத்தை விற்று அவனைச் சேர்த்துவிட்டார். சிறுவனாக இருந்தபோது அவனை உளுந்தூர்ப்பேட்டைக்கு அழைத்துச் சென்று, இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்ட பழைய விமான ஓடுதளத்தைக் காட்டியிருக்கிறேன். விமானம் எங்கே என்று கேட்டான். ஆடுகள்தாம் மேய்ந்துகொண்டிருந்தன. அன்று தொற்றிக்கொண்ட ஆசை என்று என் தங்கை இன்றளவும் என்மீது குற்றம் சாட்டுவாள்.

"மாமா, ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் என்ஜினின் சுற்று குறைய வேண்டும். எங்கள் விமானத்தில் ஒரு பக்கம் குறையவே இல்லை. 'குறையாமல் இருந்தால் நல்லதுதானே, என்ஜின் திடமாக இருக்கிறது' என்கிறார்கள் மூத்த மாணவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. தெருவோரத் திண்ணையில் அமர்ந்துவிட்டேன்.

மேக்னெட்டோ என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தில் உராய்ந்து ஓடும் டைனமோவை நீங்கள் அறிவீர்கள். காந்தம் சுழன்றால் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இது. மேக்னெட்டோவும் அதே இனம்தான். ஆனால் இதில் பாயின்ட் என்னும் இரு சிறு உலோக முனைகள் உண்டு. காந்தத்தின் விசை உச்சத்தில் நிற்கும் நொடியில் அவை சட்டென்று பிரியும். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் அறுபடும். அந்த அதிர்ச்சியில், மேலே சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும். அதுவே பிளக்கின் நுனியில் தீப்பொறியாகத் தெறித்து எரிபொருளைக் கொளுத்துகிறது. பாயின்ட் கருகிப்போகாமல் காப்பதற்குக் கண்டன்சர் என்று ஒன்று. பாட்டரி வேண்டியதில்லை, வெளி மின்சாரம் வேண்டியதில்லை. சக்கரம் சுழலும்வரை தீப்பொறி உண்டு.

1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் அவர்களின் தொழிற்கூடத்தில் காட்லோப் ஹோனால்ட் என்னும் பொறியாளர் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோதான் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி. அந்த போஷின் பெயர் நம் பட்டறைகளில் 'மைக்கோ பிளக்' வழியாகப் புழங்கியது. 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008 முதல் போஷ் என்றே அழைக்கப்படுகிறது. காந்தம் என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அரபியில் அதை மக்னாத்தீஸ் என்பர். யமன் நாட்டை ஆண்ட ரசூலி மரபின் சுல்தான் அல்-அஷ்ரஃப் உமர், 1290-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவின் திசையை அறியும் முறையை எழுதிவைத்தார். நம் முன்னோர் காந்தத்தோடு பழகியது நேற்று இன்றல்ல. இது நிற்க.

சிறு விமானங்களின் என்ஜினில் ஒன்றல்ல, இரண்டு மேக்னெட்டோக்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் மற்றொன்று விமானத்தைத் தரையிறக்கிக் கொடுக்கும். இரு பொறிகள் சேர்ந்து எரிப்பதால் வலுவும் சற்றுக் கூடுதல். எனவேதான் ஒன்றை அணைத்தால் சுற்று சிறிது குறைய வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாகப் பயன்படும் செஸ்னா 172 எஸ் வகை விமானத்தில், புறப்படும் முன் என்ஜினை நிமிடத்திற்கு 1800 சுற்றில் ஓடவிட்டுச் சாவியை வலது, இடது என்று மாற்றிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கமும் 150 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. இரு பக்கங்களுக்கும் இடையே 50-க்கு மேல் வேறுபாடு கூடாது.

இந்தக் குறைவைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது நாடித்துடிப்பு. ஒரு பக்கம் வைத்தவுடன் என்ஜின் தடுமாறி உதறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பிளக்கோ பிளக் ஒயரோ வேலை செய்யவில்லை. சிறு விமானங்களின் பெட்ரோலில் இன்றும் பெரும்பாலும் ஈயம் கலந்திருப்பதால் அதன் படிவு பிளக்கின் நுனியை அடைத்துக்கொள்ளும். எரிபொருளைக் குறைத்துச் சற்று நேரம் சூடாக ஓடவிட்டால் பல வேளைகளில் அது எரிந்து போய்விடும். போகாவிட்டால்? அந்த ஒரு மேக்னெட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, எந்தச் சிலிண்டரின் புகைக்குழாய் குளிர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். குளிர்ந்ததுதான் குற்றவாளி. பிறகு அதன் மேல் பிளக்கைக் கீழும் கீழ் பிளக்கை மேலும் மாற்றிப் போட வேண்டும். கோளாறு பிளக்கோடு இடம் பெயர்ந்தால் பிளக் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஒயர் கெட்டது. என் மருமகன் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஸ்கூட்டரில் செய்ததும் இதே மாற்றிப் போடும் வித்தைதான்! உதறாமல், சீராக, ஆனால் அதிகமாகச் சுற்று இறங்கினால் டைமிங் பின்தங்கியிருக்கிறது என்று பொருள்.

சூட்டில் மட்டும் வெளிப்படும் கோளாறு ஒன்று உண்டு. அது பொல்லாதது. அந்நாளில் திண்டிவனத்திலிருந்து லாம்ப்ரட்டாவில் வரும் ஓர் ஆசிரியர் இருந்தார். கூட்டேரிப்பட்டில் வண்டி நின்றுவிடும். தேநீர் குடித்து வந்து உதைத்தால் ஓடும். விக்கிரவாண்டியில் மீண்டும் நிற்கும். என் பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்து, அவர் முறை வரும்போது நான் சோதித்தால் தீப்பொறி நீலநிறத்தில் பளிச்சென்று அடிக்கும்! மூன்று முறை "ஒன்றுமில்லை சார்" என்று திருப்பி அனுப்பினேன். நான்காம் முறை காயிலைத் தனியே கழற்றி, 100 வாட் பல்புக்கு அருகே வைத்துச் சூடேற்றிச் சோதித்தேன். பொறி அடங்கிவிட்டது. சூட்டில் உள்ளே காப்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் காயில். விமான மேக்னெட்டோவிலும் இதே நோய் உண்டு. வெயில் கொளுத்தும் மதியத்தில் இறங்கிய விமானம் அரைமணி கழித்து உயிர்பெற மறுப்பதும், மாலையில் ஒன்றும் அறியாதது போல் ஓடுவதும் அதனால் நேரலாம். கோளாறு எந்த நிலையில் வாழ்கிறதோ அந்த நிலையில் போய்த் தேடாமல் குளிர்ந்த மேசையில் தேடுவது வீண்வேலை. அந்த ஆசிரியர் மூன்று முறை வீணாக அலைந்ததற்கு நான் கூலி வாங்கவில்லை. அதைத் தவிர வேறென்ன செய்ய?

ஆனால் என் மருமகன் கேட்டது இவற்றில் எதுவும் அல்ல. அவன் கேட்டது குறையாத சுற்றைப் பற்றி.

இங்கேதான் சற்று நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறேன். நம் வீட்டில் விளக்கின் சுவிட்சை அணைத்தால் மின்கம்பியின் தொடர்பு அறுபடுகிறது. கம்பி எங்கேனும் அறுந்தாலும் விளக்கு அணையும். மேக்னெட்டோவின் சங்கதி நேர் எதிரானது. அதற்கு வெளி மின்சாரம் தேவையில்லை அல்லவா? ஆகவே எதை அறுத்து அதை அணைப்பது? அதன் உட்சுருளின் முனையை ஒரு கம்பி வழியாக என்ஜினின் உலோக உடலோடு இணைத்துவிட வேண்டும். பட்டறை மொழியில் 'எர்த்' செய்வது. அப்போது பாயின்ட் பிரிந்தாலும் பயனில்லை, தீப்பொறி பிறக்காது. சாவியை 'ஆஃப்' என்ற இடத்தில் வைப்பது என்பது அறுப்பதன்று, இணைப்பது! அந்த ஒற்றைக் கம்பி அறுந்துபோனால் சாவி என்ன சொன்னாலும் மேக்னெட்டோ கேளாது. சாவி ஆஃபில் இருக்கும், சட்டைப்பையில்கூட இருக்கும். சுழல்விசிறியை யாரேனும் கையால் ஒரு தள்ளு தள்ளினால், சிலிண்டரில் தேங்கிய எரிபொருளுக்கு ஒரு தீப்பொறி போதும்.

1958-இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டு புஷ்பக் விமானம் ஒரு காலத்தில் பறக்கும் கழகங்களில் எல்லாம் இருந்தது. 90 குதிரைத்திறன் கொண்ட காண்டினென்டல் என்ஜின். அதனைக் கையால் விசிறியைச் சுழற்றிக் கிளப்புவார்கள். வெளியே நிற்பவர் "ஸ்விட்ச் ஆஃப்" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார். அதன்பின்தான் கை வைப்பார். பிறகு "காண்டாக்ட்". ஆனால் அந்தக் கம்பி அறுந்திருந்தால், உள்ளே இருப்பவர் மனமறிந்து சொல்லும் உண்மையும் பொய்யாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை.

1987-ஆம் ஆண்டு. என் பட்டறையில் ஒரு பிள்ளை தொழில் கற்றுக்கொண்டிருந்தான். பதினெட்டு வயது. அன்றாடம் திண்டிவனத்திலிருந்து ரயிலில் விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, நான் கடையைத் திறக்கும் முன்பே வாசலைப் பெருக்கிவைத்திருப்பான். என்னை 'பாய்' என்றுதான் அழைப்பான். அன்று ஜும்ஆ நாள். நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒரு விவசாயி தம் வில்லியர்ஸ் என்ஜினை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தார். சரியாக இழுக்கவில்லை என்பதே புகார். பாங்கு சொல்ல இன்னும் சிறிது நேரமே இருந்தது. நான் ஒளுச் செய்யக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "கம்ப்ரஷன் இருக்கிறதா பார், சுவிட்ச் ஆஃப்தான், சக்கரத்தைச் சுற்று" என்றேன். சுவிட்சை நானே ஆஃபில் வைத்தேன். அதை நான் மறுக்கவில்லை.

அவன் இரு கைகளாலும் சக்கரத்தைத் திருப்பினான். என்ஜின் ஒரே ஒரு முறை வெடித்துத் திரும்ப உதைத்தது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே அவன் வலக்கை சிக்கியது. நான் அன்று ஜும்ஆவுக்குப் போகவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் சட்டையெல்லாம் இரத்தமாக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு விரல்களின் நுனி போயிற்று.

மாலையில் அந்த விவசாயி தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "சுவிட்சு ரெண்டு மாசமா வேலை செய்யல பாய். பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்துவோம். அது ஒரு பெரிய குறையான்னு சொல்லாம விட்டுட்டேன்." அவரை எப்படிக் குற்றம் சொல்வது? நான் கேட்கவில்லையே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வை என்று கற்ற மார்க்கத்தைச் சேர்ந்தவன், கட்டு இறுகியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்க்கவில்லை.

இப்போது என் மருமகனின் விமானத்துக்கு வருகிறேன். அவன் சாவியை இடது பக்கம் வைத்தபோது 110 சுற்றுக் குறைந்தது. அதாவது வலது மேக்னெட்டோ ஒழுங்காக அணைந்தது. வலது பக்கம் வைத்தபோது முள் அசையவே இல்லை. இடது மேக்னெட்டோ அணைந்திருக்க வேண்டும். அது அணையவில்லை, இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன. இதைத்தான் நல்ல என்ஜின் என்று புகழ்ந்திருக்கிறார்கள்! அந்த இடது மேக்னெட்டோவில், கிளப்பும் நேரத்தில் உதவுவதற்காக ஒரு சுருள்வில் அமைப்பு இருந்தது. விசிறி மெல்லச் சுழலும்போது அந்த வில் காந்தத்தைப் பிடித்துவைத்துச் சட்டென்று விடும். 'டக்' என்று ஒலி கேட்கும். வலுவான பொறி பிறக்கும். கையால் மெல்லத் தள்ளினாலே போதும் என்பது இதன் பொருள்.

எத்தனை நாளாக இப்படி? யாருக்குத் தெரியும்? இந்த விமானங்களை நிறுத்தும்போது சாவியால் நிறுத்துவதில்லை. எரிபொருளை அடைத்து நிறுத்துகிறார்கள். பிறகுதான் சாவியைத் திருப்பி எடுக்கிறார்கள். வில்லியர்ஸ் என்ஜினின் பெட்ரோல் குழாயேதான்! என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"விசிறியின் அருகே யார் போவார்கள்?" என்று கேட்டேன்.

"காலையில் துடைக்கும் பையன் போவான் மாமா. விசிறியில் அப்பியிருக்கும் பூச்சிகளை ஈரத்துணியால் துடைப்பான். எட்டாத பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்வான்."

"இப்போதே போய் விமானத்தின் முன்னால் நில். உன் ஆசிரியரிடம் சொல். வாயால் சொன்னால் போதாது, குறைப் பதிவேட்டில் எழுது. எழுதும்வரை எவரையும் விசிறியைத் தொடவிடாதே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலும், என் மனைவி உள்ளிருந்து ஓடிவந்துவிட்டாள்.

அவன் எழுதினான். விமானம் இரண்டு நாள் பறக்கவில்லை. அவனோடு சேர்ந்து வேறு சிலருடைய பறக்கும் முறையும் தள்ளிப்போனதால் கேலியும் முணுமுணுப்பும் எழுந்தன. மச்சான் எனக்குத் தொலைபேசி செய்து, "நிலத்தை விற்று அனுப்பியது பறக்கவா, பட்டறையில் நிற்கவா?" என்று கடிந்துகொண்டார். தந்தையின் வேதனை எனக்குப் புரியாததல்ல. ஆனால் நான் எதிர்த்துப் பேசினேன். எங்கள் இருபத்தேழு ஆண்டு உறவில் அது முதல் முறை.

பராமரிப்புப் பொறியாளர் மூடியைத் திறந்து பார்த்ததில், மேக்னெட்டோவின் முனையில் மாட்டியிருந்த அந்தக் கம்பி, மேலுறை சேதமின்றி இருக்க, உள்ளே இழை இழையாக அறுந்திருந்தது. என்ஜினின் அதிர்வில் நாளடைவில் நேர்வது. புதுக் கம்பி போட்டு, சாவியின் இணைப்பையும் சோதித்தார். கடைசியில், என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சாவியை ஒரு கணம் ஆஃபுக்குத் திருப்பி, என்ஜின் அடங்கத் தொடங்குகிறதா என்று பார்த்து மீண்டும் இரண்டுக்கும் கொண்டுவந்தார். மிக எளிய சோதனை. இப்போது என் மருமகன் அதைச் செய்யாமல் இறங்குவதில்லையாம்.

இராமேசுவரத்து ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன், நம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்து மயங்கிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அதன் பிறகு அவர் பெங்களூர் ஹெச்.ஏ.எல்.-இல் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிஸ்டன் என்ஜின்களைப் பிரித்துச் சீரமைக்கும் வேலையில் கைகளில் எண்ணெய் பூசிக்கொண்டவர் என்பதை ஏனோ அதிகம் பேர் சொல்வதில்லை. மச்சானிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் மகனுக்கு அவரே தொலைபேசி செய்திருக்கிறார்.

இன்னொரு செய்தியையும் சொன்னேன். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கென்று ஆகா கான் அறிவித்த பரிசுக்காக 1930-இல் ஒரு போட்டி நடந்தது. கராச்சியிலிருந்து புறப்பட்ட ஜே.ஆர்.டி. டாட்டா, எகிப்தின் அபூகீரில் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி என்ஜினியர் பிளக் இல்லாமல் அங்கே முடங்கிக் கிடந்தார். டாட்டா தம்மிடமிருந்த பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. பிற்காலத்தில் அவர் இந்திய விமானப் படையின் தளபதியும் ஆனார். இரண்டு நாள் தாமதம் என்று புலம்பிய மச்சானுக்கு இது எவ்வளவு தூரம் ஏறியதோ, அறியேன்.

அந்த வாரம் நான் என் பழைய சீடனைப் பார்க்கப் போனேன். இப்போது திண்டிவனத்தில் அவனுக்குச் சொந்தப் பட்டறை. மகனும் கூடவே வேலை செய்கிறான். நடந்ததையெல்லாம் சொன்னேன். தேநீர்க் குவளையை வலக்கையின் மூன்று விரல்களால் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். 1987-ஐப் பற்றி அவன் ஒரு சொல்லும் பேசவில்லை, என்றைக்குமே பேசியதில்லை.

பிறகு, "அந்த விசிறி துடைக்கிற பையன் பேரு என்ன பாய்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே மருமகனுக்குத் தொலைபேசி செய்தேன். அவனுக்கும் தெரியவில்லை. "நாளைக் காலை கேட்டுச் சொல்கிறேன் மாமா" என்றான், சற்று வெட்கத்தோடு. மறுநாள் ஃபஜ்ர் முடிந்த சிறிது நேரத்திலேயே அழைத்துச் சொன்னான். வெயில் ஏறும் முன்னே நடந்து போய், பட்டறை திறக்கும்வரை வாசலில் நின்று, அந்தப் பெயரை அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.